40 கறுப்பு உருண்டைல காலிக்ஸரீன் கட்ட முடியுமா? மாலிக்யூல் மாடல் கிட் ரிவ்யூ

மூணு மாசம் நல்லா யூஸ் பண்ணிட்டுத்தான் இந்த ரிவ்யூ எழுதுறேன். ஆன்லைன்ல வாங்குன ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மாடல் கிட், உருண்டையும் குச்சியும் இருக்குற வகை, விலை 1,150 ரூபா. கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே அச்சுல வார்த்த உருண்டை நாலஞ்சு பேருல விக்குது, எது வாங்குனாலும் உள்ள இருக்குறது கிட்டத்தட்ட ஒண்ணுதான். நான் தங்கச்சிமடத்துல பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்குறேன். மீத்தேன், ஈத்தேன், பென்சீன் செய்யறதுக்கு இது போதுமான்னு கேட்டா தாராளமா போதும், அதை அந்தப் பக்கத்துலயே நூறு பேரு எழுதியிருக்காங்க. யாருமே எழுதாத ஒண்ணு இருக்கு, பெரிய மாலிக்யூல் கட்டுனா இந்த கிட் தாங்குமான்னு. அதுக்கு நான் எடுத்துக்கிட்டது காலிக்ஸரீன், பென்சீன் ரிங்கு பல சேந்து ஒரு கப்பு மாதிரி நிக்கிற வளைய மாலிக்யூல்.

மொதல்ல டெலிவரியைப் பத்தி சொல்லிடறேன். டெலிவரி ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துருச்சு, ஆனா பார்சல் ராமநாதபுரத்துலயே கெடந்துச்சு, தீவுக்குள்ள அன்னைக்கு வண்டி வராதுன்னு சொல்லிட்டாங்க, நானே பஸ் ஏறி பாம்பன் பாலம் தாண்டிப் போய் வாங்கிட்டு வந்தேன். அதுக்கு மார்க் கொறைக்கணும். பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் ஆளுங்க ஆர்டர் போடறப்ப ஒரு வாரம் கூடவே வெச்சுக்கங்க.

டப்பாவுல இருந்தது இது. கறுப்பு உருண்டை 40, அதான் கார்பன், நாலு ஓட்டை. சிவப்பு 12, ஆக்ஸிஜன். வெள்ளை 60, ஹைட்ரஜன். நீலமும் பச்சையும் பத்துப் பத்து. சின்ன கெட்டிக் குச்சி 60, டபுள் பாண்டுக்கு வளையுற சாம்பல் கலர் குச்சி 20, குச்சியப் புடுங்குறதுக்கு ஒரு சின்ன கொறடு மாதிரி பிளாஸ்டிக். டப்பா மூடி நல்லா இறுக்கமா இருக்கு. நம்ம ஊரு உப்புக்காத்துக்கு இரும்பு கிளிப்பு வெச்ச டப்பான்னா ஒரே மாசத்துல துரு ஏறிடும், இதுல எல்லாமே பிளாஸ்டிக்குங்கறது பெரிய நிம்மதி.

இப்ப காலிக்ஸரீன் என்னன்னு சொல்லிட்டு மேல போறேன். எங்க அப்பா வீட்டுல இன்னமும் பழைய உருண்டை சுவிட்சு இருக்கு, கறுப்பா, கட்டையா, போட்டா டக்குனு சத்தம் கேக்கும். அது பேக்லைட். என் அண்ணன் மக பிஎஸ்ஸி கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம், லீவுக்கு வந்திருந்தா, அந்த சுவிட்சக் காட்டித்தான் அவகிட்ட ஆரம்பிச்சேன். ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேத்தா பிசின் மாதிரி ஒண்ணு வரும். மீனுக்கு ஊத்துறாங்கன்னு நியூஸ்ல வருமே ஃபார்மலின், தண்ணியில கரைச்ச ஃபார்மால்டிஹைடுதான் அது. 1872லயே ஜெர்மனியில அடால்ஃப் ஃபான் பேயர் இதப் பாத்துட்டாரு, ஆனா அந்தப் பிசினை சுத்தம் பண்ணவும் முடியல, உள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கவும் முடியல. அப்புறம் 1907ல லியோ பேக்லாண்ட் சூட்டையும் அழுத்தத்தையும் கட்டுக்குள்ள வெச்சு அதைக் கெட்டிப் பிளாஸ்டிக்கா மாத்தி பேடன்ட் போட்டாரு, அதான் நம்ம சுவிட்சு.

அது ஏன் அவ்வளவு கெட்டியாகுதுங்கறத கிட்ல காட்டுறது ரொம்ப ஈஸி, இந்த இடத்துலயே காசு வசூலாயிடுச்சுன்னு சொல்லுவேன். ஒரு பென்சீன் ரிங் கட்டி அதுல ஒரு சிவப்பு உருண்டையும் அது மேல ஒரு வெள்ளையும் மாட்டுனா ஃபீனால், அந்த சிவப்பும் வெள்ளையும் சேந்ததுதான் ஓஹெச். ஃபார்மால்டிஹைடு வந்து ஒட்டுறதுக்கு அதுல மூணு எடம் இருக்கு, சிவப்புக்கு ரெண்டு பக்கத்துலயும் ஒண்ணொண்ணு, நேர் எதிர்ல ஒண்ணு. மூணு பக்கமும் கை நீட்டுனா வலை பின்னுன மாதிரி எல்லாப் பக்கமும் பரவிடும், திரும்ப உருகவே உருகாது. நேர் எதிர் எடத்தை முன்னாடியே அடைச்சு வெச்சுட்டா? மிச்சம் ரெண்டு கைதான். ரெண்டு கை இருந்தா ஒண்ணு சங்கிலியா நீளும், இல்லன்னா சுத்தி வந்து வளையமா மூடிக்கும். "அப்ப வளையம் வரும்ல சித்தப்பா"ன்னு அவளே சொல்லிட்டா, நான் வாயே தொறக்கல.

1940கள் ஆரம்பத்துல ஆஸ்திரியா கிராட்ஸ் ஊர்ல அலோயிஸ் ஸிங்கே, எரிக் ஸீக்லர்னு ரெண்டு பேரு இதத்தான் செஞ்சாங்க. எதிர் எடத்துல டெர்ஷியரி பியூட்டைல்னு நாலு கார்பன் கூட்டத்தை வெச்சு அடைச்ச ஃபீனாலை எடுத்து, ஃபார்மால்டிஹைடும் காஸ்டிக் சோடாவும் சேத்து, ஆளிவிதை எண்ணெயில போட்டு நல்லா காய்ச்சுனாங்க, வார்னிஷ் வேலைக்காரங்க வெச்சிருப்பாங்களே அதே லின்சீட் எண்ணெய். வந்தது பிசின் இல்ல, 340 டிகிரி தாண்டியும் உருகாத ஒரு படிகம். நாலு ஃபீனால் சேந்த வளையம்னு 1944ல எழுதுனாங்க. அது சரிதான், ஆனா வேற ஃபீனால் எடுத்தாலும் எல்லாமே நாலு ஃபீனால் வளையம்தான்னு அவங்க நெனச்சுக்கிட்டாங்க. பின்னாடி ஜான் கார்ன்ஃபோர்த், 1975ல நோபல் வாங்குனவரு, காசநோய்க்கு மருந்து தேடி 1955ல இதே மாதிரி பொருள் செஞ்சாரு, ஒரே ஃபீனால்ல இருந்து வேற வேற உருகுநிலையோட ரெண்டு ரெண்டு பொருளா வந்துச்சு. ஒரே வளையம் ரெண்டு விதமா மடங்கி நிக்குதுன்னு பாத்தாங்க. உண்மையில அது வேற வேற சைஸ் வளையம்னு தெரிய இன்னும் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

கிட்டுக்கு வர்றேன். நாலு ஃபீனால், நடுவுல சேக்குறதுக்கு நாலு மெத்திலீன், அதாவது ரெண்டு ஹைட்ரஜன் வெச்ச ஒத்தைக் கார்பன். மொத்தம் 28 கறுப்பு. நம்மகிட்ட 40 இருக்கு, பிரச்சினை இல்ல. சிவப்பு 4, பிரச்சினை இல்ல. ஆனா சாம்பல் குச்சி? ஒரு ரிங்குக்கு மூணு டபுள் பாண்டு, ஒரு டபுள் பாண்டுக்கு ரெண்டு குச்சி, நாலு ரிங்குக்கு 24. டப்பாவுல 20தான். இது பெரிய கொறை, 40 கார்பன் குடுக்குற ஆளு நாலே நாலு குச்சி கூடப் போட்டிருக்கலாம். நான் கரண்டு ஒயர் துண்டு ஒண்ணு எடுத்து உள்ள இருந்த செம்புக் கம்பிய இழுத்துட்டு, மேல் உறைய அதே நீளத்துக்கு நாலா வெட்டி மாட்டுனேன், நல்லா வளைஞ்சு குடுத்துச்சு, இன்னைக்கு வரைக்கும் கழறல.

இன்னொரு கொறை, ரிங்கு தட்டையா நிக்காது. கறுப்பு உருண்டை எல்லாமே நாலு ஓட்டை வெச்சது, அதனால பென்சீன் ரிங்கு லேசா நெளிஞ்சு, வத்தல் மாதிரி நிக்கும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பென்சீன் தட்டைன்னு சொல்லிட்டு இதக் கையில குடுத்தா கேள்வி வரும், அதையும் விளக்கித்தான் குடுக்கணும்.

கட்டி முடிச்சு கையில எடுக்குறப்ப ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதுக்காகவே வாங்கலாம். நாலு சிவப்பையும் ஒரே பக்கம் கொண்டுவந்து வெச்சா, கீழ ஒடுங்கி மேல விரிஞ்ச ஒரு கப்பு. எங்க ஊரு பக்கம் பதநீர் குடிக்க பனை ஓலைய மடிச்சுப் பட்டை புடிப்பாங்க, கீழ ஓலை சேந்து இறுக்கமா, மேல மடிப்பு மடிப்பா விரிஞ்சு நிக்குமே, அச்சு அசல் அதுதான். ஓலையோட ஒவ்வொரு மடிப்பும் ஒரு பென்சீன் ரிங்கு. கீழ அந்த நாலு ஓஹெச்சும் ஒண்ணு கைய இன்னொண்ணு புடிச்சு ஹைட்ரஜன் பாண்டுல சுத்தி நிக்குது, அதனாலதான் பட்டை பிரிஞ்சு போகாம கப்பாவே இருக்கு. நான் பாத்த பாடத்துல இதக் கட்டம் கட்டமா வரைஞ்சுதான் காட்டியிருந்துச்சு, எம்எஸ்ஸி ப்ராஜெக்ட்ல இந்தப் பொருளையே கையால செஞ்சவன் நான், அப்பக்கூட இது ஒரு பாத்திரம்ங்கறது மனசுல பதியல. இந்த கிட்ல கட்டுனப்பதான் பதிஞ்சுச்சு.

அந்த ப்ராஜெக்ட் பத்தி ரெண்டு வரி. டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால், ஃபார்மலின், ரொம்பக் கொஞ்சமா காஸ்டிக் சோடா, 110, 120 டிகிரியில வெச்சா தண்ணி போகப் போக பிளாஸ்குல மஞ்சளா நுரைச்சுக்கிட்டு பொங்கி மேல வரும், பெரிய பிளாஸ்கு எடுக்கலன்னா வாய் வரைக்கும் வந்துரும். அப்புறம் டைஃபினைல் ஈத்தர்ங்கற கரைப்பான்ல கொதிக்க வெக்கணும், அது கொதிக்கிறது சுமார் 259 டிகிரியில. ஆறவிட்டு எத்தில் அசிட்டேட் ஊத்துனா வெள்ளையா எறங்கும். உருகுநிலை பாக்கப் போனா எங்க லேப் மிஷின் 300க்கு மேல போகல, மாலிக்யூலோ 342ல உருகுறது. டொலுவீன்ல, அதான் மீத்தைல் ஒண்ணு ஒட்டுன பென்சீன், படிகமாக்கிட்டு எத்தனை நேரம் அவன்ல வெச்சாலும் டொலுவீன் முழுசாப் போகாது. ஏன் போகலன்னு அப்ப புரியல. 1979ல இத்தாலி பார்மா யுனிவர்சிட்டில அந்த்ரேத்தி, உங்காரோ, போக்கினி மூணு பேரும் எக்ஸ்ரே எடுத்துக் காட்டுனது இதுதான்: ஒவ்வொரு கப்புக்குள்ளயும் ஒரு டொலுவீன் உக்காந்திருக்கு. கடல்ல போடற பொறிக் கூட்டுக்குள்ள போன நண்டு மாதிரி, தானா வெளிய வராது. கிட்ல மிச்சம் கறுப்புல ஒரு டொலுவீன் கட்டி கப்புக்குள்ள எறக்கிப் பாருங்க, ஏழு கறுப்பு போதும், கச்சிதமா உக்காரும். சாம்பல் குச்சிதான் பத்தாது, அதனால எல்லாத்தையும் சின்னக் குச்சியாலயே கட்டிக்கங்க.

இந்தக் கப்புக்கு பேரு வெச்சவர் டேவிட் குட்சே, அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் ஊரு வாஷிங்டன் யுனிவர்சிட்டி புரொஃபசர். இது அவர் கைக்கு வந்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அதே ஊர்ல பெட்ரோலைட்னு ஒரு கம்பெனி, கச்சா எண்ணெயோட கலந்து வர்ற தண்ணியப் பிரிச்செடுக்கிற மருந்து செஞ்சாங்க, அதுவும் இதே ஃபீனால் ஃபார்மால்டிஹைடு சரக்குதான். அதுல கரையாத கசடு அடியில தங்குச்சு. கசடு வந்தா எல்லாரும் வடிகட்டிக் கொட்டுவாங்க, அங்க இருந்த கெமிஸ்டுங்க அது என்னன்னு தோண்டிப் பாத்தாங்க, ஸிங்கே சொன்ன வளையம் மாதிரி இருந்துச்சு. குட்சே அந்தக் கம்பெனிக்கு கன்சல்டன்ட். அவருக்கு அப்ப என்சைம் மாதிரி வேலை செய்யற ஒரு செயற்கை மாலிக்யூல் வேணும், அதுக்கு மொதல்ல ஒரு குழி வேணும், உள்ள எதையாவது புடிச்சு வெக்கிற குழி. கசட்டுல அந்தக் குழி இருந்துச்சு.

1978ல வந்த பேப்பரோட தலைப்பே "காலிக்ஸரீன்கள் 1"ன்னு ஆரம்பிக்கும், எழுதுனது குட்சேயும் முத்துகிருஷ்ணனும். ஆமா, முத்துகிருஷ்ணன். இந்தப் பேரை நான் மொத மொத லைப்ரரில பாத்தப்ப ரெண்டு தடவை படிச்சேன், ஒரு துறையோட ஒண்ணாம் நம்பர் பேப்பர்ல நம்ம காதுக்குப் பழகுன பேரு. 1981ல வந்த நாலாம் நம்பர்லயும் அவர் இருக்காரு, கூட பல்ராம் தவான், கொரியாக்காரர் நோ. வளையம் எல்லாம் ஒரே சைஸ் இல்ல, நாலு, ஆறு, எட்டுன்னு கலந்து வருது, எந்தச் சூட்டுல எந்தக் காரத்தை எவ்வளவு போட்டா எது அதிகமா வரும்னு இவங்க பொறுமையா பிரிச்சு எடுத்து எழுதி வெச்சாங்க. காஸ்டிக் சோடா ரொம்பக் கம்மியா, அதிகச் சூட்டுல நாலு. காஸ்டிக் பொட்டாஷ் கூடுதலாப் போட்டா ஆறு. சைலீன்ல கொதிக்க வெச்சா எட்டு. அஞ்சும் ஏழும் மட்டும் இன்னைக்கும் கஷ்டம். இந்த சமையல் குறிப்பு கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் உலகம் பூரா ஆளுங்க எறங்குனாங்க, ஏன்னா ரெண்டே நாள்ல விலை கம்மியான சாமான்ல கிலோக் கணக்குல செய்யலாம்.

பேரு கிரேக்கப் பாத்திரத்துல இருந்து வந்தது, காலிக்ஸ் கிராட்டர்னு சொல்ற வாய் அகண்ட ஜாடி. அரீன்னா பென்சீன் வளையம். குட்சே நம்ம பக்கம் வந்திருந்தா பட்டைன்னுதான் வெச்சிருப்பாருன்னு எனக்கு உறுதியான நம்பிக்கை.

சரி, கிட்டோட உண்மையான டெஸ்ட் இனிமேதான். இந்தக் கப்பு ஒரே மாதிரி நிக்காது. ஒவ்வொரு ரிங்கும் ஓஹெச்ச உள்ள விட்டுத் தலைகீழாப் பொரளும். நாலும் ஒரே பக்கம் பாத்தா கோன். ஒண்ணு மட்டும் கவுந்தா பார்ஷியல் கோன். பக்கத்துப் பக்கத்து ரெண்டு கவுந்தா 1,2 ஆல்டர்னேட், எதிரும் புதிருமா ரெண்டு கவுந்தா 1,3 ஆல்டர்னேட். மாடலைக் கையில புடிச்சு ஒரு ரிங்கைப் பெருவிரலால லேசா உள்ள தள்ளுங்க, மெத்திலீன் குச்சி ரெண்டும் முறுக்கிக்கிட்டு, சிவப்பு உருண்டை நடு ஓட்டை வழியாப் போய் டக்குனு அந்தப் பக்கம் விழும். அந்த டக்கு விரல்ல தெரியும். ரூம் சூட்டுல நெஜ மாலிக்யூல் ஒரு செகண்டுக்கு நூறு தடவைக்கு மேல இப்படிப் பொரண்டுக்கிட்டே இருக்கு. ஹைட்ரஜன் எந்தச் சூழல்ல இருக்குன்னு கோடு கோடாக் காட்டுற என்எம்ஆர் சோதனைல மெத்திலீன் ஹைட்ரஜன் ரெண்டும் 3.5 கிட்டயும் 4.2 கிட்டயும் தனித்தனியா நிக்கும், சூடு ஏத்துனா ஒண்ணா சேந்து ஒரே கோடாயிடும். அண்ணன் மகளுக்கு இது எக்ஸாம்ல மனப்பாடம் பண்ணுன விஷயம், இப்ப மாடலைத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, "உள்ள இருக்குற ஹைட்ரஜனும் வெளிய இருக்குற ஹைட்ரஜனும் எடம் மாறுது சித்தப்பா"ன்னா. அதேதான்.

இங்கதான் கிட் தப்பு சொல்லுது, வாங்குறவங்க இத அவசியம் தெரிஞ்சுக்கணும். ஓஹெச்சுல இருக்குற ஹைட்ரஜனுக்குப் பதிலா புரோப்பைல் சங்கிலி மாட்டுனா, அதாவது மூணு கார்பன், நெஜத்துல அது நடு ஓட்டைக்குள்ள போகாது, கப்பு எந்த வடிவத்துல இருந்துச்சோ அப்படியே பூட்டிக்கும். ஈத்தைல் வரைக்கும் போகும், புரோப்பைல் போகாது. காலிக்ஸரீன் வேலை நெறைய இந்தப் பூட்டை நம்பித்தான் நடக்குது. நாலு புரோப்பைலுக்கு 12 கறுப்பு, 28ம் 12ம் 40, டப்பாவுல இருந்த கடைசிக் கறுப்பு வரைக்கும் தீந்துபோச்சு, அவ்வளவு கச்சிதம். ஆனா மாடல்ல புரோப்பைலைத் தள்ளுனா சுளுவா உள்ள போயிடுது! ஏன்னா உருண்டையும் குச்சியும் வெச்ச மாடல்ல அணு எல்லாம் நெஜ அளவை விட ரொம்பச் சின்னது, நடுவுல வெறும் காத்து. இதப் பாத்து ஒரு பிள்ளை பூட்டே இல்லன்னு முடிவு பண்ணிடலாம். நான் தெர்மோகோல் மிதப்புத் துண்டை உருண்டையா சீவி ஒவ்வொரு கறுப்பு மேலயும் குத்தி வெச்சேன், அதுக்கப்புறம் எவ்வளவு தள்ளியும் உள்ள போகல. இந்தக் கிட்டோட ஒரு சின்ன காகிதத்துல இதை எழுதி வெச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

டெர்ஷியரி பியூட்டைலோட முழு மாலிக்யூல் வேணும்னா 44 கறுப்பு, நாலு பத்தாது. அஞ்சு ஃபீனால் சேந்த வளையத்துக்கு, பியூட்டைல் இல்லாம, 35, கட்டலாம். ஆறு வளையத்துக்கு 42, ரெண்டு பத்தாது. இந்த ஆறு பத்தாமப் போனதுதான் எனக்கு பெரிய வருத்தம், ஏன்னு சொல்றேன்.

ஜப்பான்ல அப்ப நாகசாகி யுனிவர்சிட்டில இருந்த, பின்னாடி கியூஷூ யுனிவர்சிட்டிக்குப் போன செய்ஜி ஷின்காய் 1980கள்ல இந்தக் கப்புல கந்தகமும் ஆக்ஸிஜனும் சேந்த சல்ஃபோனேட் கூட்டம் வெச்சு தண்ணியில கரைய வெச்சாரு. அப்புறம் 1987ல அஞ்சு வளையம், ஆறு வளையத்தை வெச்சு கடல் தண்ணியில இருக்குற யுரேனியத்தைப் புடிக்கிற கப்பு செஞ்சாரு. கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 3.3 மைக்ரோகிராம் யுரேனியம் இருக்கு. நம்ம மொட்டை மாடி ஆயிரம் லிட்டர் டேங்க்ல பாம்பன் கடல் தண்ணிய ரொப்புனா யுரேனியம் 3 மில்லிகிராம் சொச்சம், அதே டேங்க்ல உப்பு மட்டும் 35 கிலோ வரும். 35 கிலோ உப்பையும் விட்டுட்டு அந்த 3 மில்லிகிராமை மட்டும் புடிக்கணும். எப்படின்னா, யுரேனைல் அயனி ஒரு குச்சி மாதிரி, நடுவுல யுரேனியம், ரெண்டு முனையில ஆக்ஸிஜன், புடிக்கிற கை எல்லாம் அதோட இடுப்பைச் சுத்தி அஞ்சு இல்லன்னா ஆறு, ஒரே தட்டையில வரணும். செம்பு, துத்தநாகம், நிக்கல் எதுக்குமே அப்படி இடுப்புச் சுத்தி ஆறு கை பிடிக்காது. ஆறு வளையக் கப்பு இயற்கையாவே ஆறு கைய வட்டமா நீட்டி வெச்சிருக்கு. நம்ம கூடு போடற ஆளுங்களுக்கு இது சொல்லியே குடுக்க வேண்டாம், எந்த வாய்க்கு எது உள்ள வரும்னு பாத்துத்தானே கூடு பின்றாங்க. என் டியூஷன்ல படிக்கிற பாதிப் பிள்ளைக கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைக, இந்த ஆறு வளையத்தைக் கையில குடுத்துக் காட்டணும்னு ஆசைப்பட்டேன், ரெண்டு உருண்டையில போச்சு.

சோடியம் கதையும் இப்படித்தான், சுருக்கமா சொல்றேன். நாலு வளையத்துக்குக் கீழ எஸ்டர்னு ஆக்ஸிஜன் வெச்ச கை நாலு கட்டுனா எட்டு ஆக்ஸிஜன் சேந்த ஒரு கூடு, சோடியம் மட்டும் அளவா உக்காரும். அயர்லாந்துல மெக்கெர்வி குழு, இத்தாலியில உங்காரோ குழு எல்லாம் செஞ்சது, ரத்தத்துல சோடியம் பாக்குற எலக்ட்ரோடுக்கு இதப் போட்டாங்க. அதே மெக்கெர்வியும் லாக்டைட் கம்பெனிக்காரங்களும் சேந்து இன்ஸ்டன்ட் பசையிலயும் போட்டாங்க, மரம், காகிதம் மாதிரி சட்டுனு ஒட்டாத எடத்துலயும் சீக்கிரம் புடிக்க. 1980கள்ல பேடன்ட் வாங்குனது, காலிக்ஸரீன் கடைக்கு வந்த மொத சரக்குல அது ஒண்ணு.

1,3 ஆல்டர்னேட் வடிவத்தைக் கட்டாயம் கட்டிப் பாருங்க, இதுக்கு கிட் நூத்துக்கு நூறு. எதிரெதிர் ரெண்டு ரிங்கைக் கவுத்துட்டு, ஒரு பக்கம் இருக்குற ரெண்டு ஆக்ஸிஜனையும் கார்பனுக்கு நடுநடுவுல ஆக்ஸிஜன் வர்ற ஒரு கிரவுன் ஈத்தர் சங்கிலியால சேக்கணும், அதுக்கு பத்து கறுப்பு, நாலு சிவப்பு கூட. 38 கறுப்பு, 8 சிவப்புல முடிஞ்சுரும். இந்தக் கூட்டுக்குள்ள சீசியம் உக்காரும், கிரவுன் ஒரு பக்கம் புடிக்க, ரெண்டு பென்சீன் ரிங்கு முகத்தைக் காட்டி ரெண்டு பக்கமும் அணைச்சுக்கும். அணு உலைக் கழிவுல சீசியம் 137 இருக்கு, பாதியாக் கொறையவே 30 வருஷம், கூட சோடியம் அதைவிட பல ஆயிரம் மடங்கு. அமெரிக்காவுல சவானா ரிவர்ல 2008ல இருந்து இந்த வகைக் கப்பை வெச்சு சீசியத்தைப் பிரிக்கிறாங்க, 2020ல அதுக்குன்னே பெரிய ஆலை ஓட ஆரம்பிச்சுச்சு. நம்ம நாட்டுலயும் ட்ராம்பேல பாபா அணு ஆராய்ச்சி மையம் காலிக்ஸ் கிரவுன் வெச்சு கழிவுல இருந்து சீசியத்தை எடுத்து, கண்ணாடிப் பென்சிலா வார்த்து, ஆஸ்பத்திரில ரத்தத்துக்குக் கதிர் குடுக்குற மிஷினுக்குக் கொடுக்குது. பசங்களுக்கு இதச் சொன்னப்ப கிளாஸ்ல ஒரு சத்தம் இல்ல.

இந்த ஆளுங்களப் பத்தியும் சொல்லணும். ஜெர்மனியில மைன்ஸ் ஊர்ல கேமரர், போமர், நெதர்லாந்துல ட்வென்டேல ரைன்ஹவுட், ஃபிரான்ஸ்ல விசன்ஸ், பார்மா கூட்டம், கியூஷூ கூட்டம். 1991ல மைன்ஸ்ல காலிக்ஸரீனுக்குன்னே மொத கூட்டம் போட்டாங்க, அதுக்கப்புறம் குருமே, ஃபோர்ட் வொர்த், பார்மா, பெர்த்னு கண்டம் மாத்தி மாத்தி நடத்துனாங்க. ஒருத்தர் செஞ்ச கப்பை இன்னொருத்தர் வாங்கி எக்ஸ்ரே எடுப்பாரு, இன்னொருத்தர் அதுல கை கட்டுவாரு. ஐஐடி மும்பையில சி.பி. ராவ் குழு கீழ்ப்பக்கம் ரெண்டு கை வெச்ச கப்புகளால அயனியும் அமினோ அமிலமும் கண்டுபிடிச்சு வரிசையா எழுதியிருக்காங்க. நம்ம மண்டபத்துல பாசி ஆராய்ச்சி பண்ற நிலையம் இருக்குல்ல, அதோட தலைமை இடம் பாவ்நகர்ல இருக்குற உப்பு ஆராய்ச்சி நிலையம், அங்கயும் காலிக்ஸரீன் வேலை நடந்திருக்கு. பாசி எடுக்கப் போற அக்காமாருக்கு அந்த கேட் தெரியும், அந்த போர்டுக்குப் பின்னாடி இந்தக் கெமிஸ்ட்ரிக்கு ஒரு வழி இருக்குன்னு பிள்ளைகளுக்குத் தெரியணும்னுதான் நான் இதை இவ்வளவு நீட்டி எழுதுறேன்.

வாங்கலாமா? வாங்குங்க. ஸ்கூல் பாடத்துக்கு மட்டும்னா இதுல பாதி சைஸ் கிட் போதும், காசை வீணாக்காதீங்க. பிஎஸ்ஸி, எம்எஸ்ஸி பிள்ளைக இருந்தா இதே சைஸ் வாங்குங்க. பிளாஸ்டிக் தரம் நல்லாவே இருக்கு, முப்பது நாப்பது தடவை புடுங்கி மாட்டியும் ஓட்டை பெருசாகல, ஒரே ஒரு வெள்ளை மட்டும் வெடிச்சுச்சு. கொறடு ஒரு மாசத்துல ஒடிஞ்சுருச்சு, கையாலயே புடுங்கிக்கலாம். சாம்பல் குச்சி பத்தாததுக்கு ஒரு ஸ்டார், டெலிவரிக்கு அரை ஸ்டார் கொறைச்சு மூணரை குடுக்குறேன். கட்டுன மாடலை ஜன்னல் ஓரம் வெக்காதீங்க, எங்க வீட்டுல மத்தியான வெயில்ல ஒயர் உறை இளகி ஒரு ரிங்கு தொங்கிருச்சு.

ரெண்டாவது செட் ஆர்டர் போட்டாச்சு. அது வந்ததும் ஆறு வளையம், அப்புறம் எட்டு வளையம். எட்டுக்கு 56 கறுப்பு வேணும், ரெண்டு செட்லயும் சேத்து 80 இருக்கு. சாம்பல் குச்சி 48 வேணும், 40தான் வரும், மிச்சம் எட்டுக்கு ஒயர் உறைய இப்பவே வெட்டி டப்பாவுல போட்டு வெச்சுட்டேன்.